திருஷ்டி ஷாட்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நல்ல நாளும் அதுவுமா இன்னைக்கும் செத்தேன்.

சீரியல்லதான். மாமியார் மண்டையைப் போடுற எபிசோடு. நெத்தியில ஒத்த ரூபா, மூக்குல பஞ்சு, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்து ஒரு கட்டு. மருமகளா நடிக்கிற பொண்ணு என் மேல விழுந்து அழுவுற அழுகையில மாலை நகர்ந்துபோச்சு. மாலைதான் எங்க பொழப்பையே காப்பாத்துது. அது நெஞ்சு மேல இருந்தா மூச்சு ஏறி இறங்குறது தெரியாது. மெதுவா "மாலை, மாலை"ன்னு உதட்டை அசைக்காம சொன்னேன். பொண்ணு புத்திசாலி, அழுதுகிட்டே சரி பண்ணிட்டா. நல்லா இருக்கணும்.

இந்த டைரி பக்கத்து வீட்டு மெஹருன்னிசா கொடுத்தது. நகைக்கடையில சும்மா தந்ததாம். "மனசுல இருக்குறதை இதுல எழுதுக்கா, என்கிட்ட வந்து புலம்பாத"ன்னா. வருஷத்துல பாதி போயிடுச்சு, பரவாயில்ல. முன்பக்கமெல்லாம் காலியா கெடக்கட்டும்.

யாராவது எடுத்துப் படிச்சா புரியணும்ல, அதனால சொல்லிடுறேன். என் பேரு பூங்காவனம். வடபழனி. சினிமாவுல எனக்குப் பொண வேஷம்தான். கூட்டத்துல நிக்க உசுரோடயும் கூப்புட்டிருக்காங்க, ஆனா அங்க என் மூஞ்சி எங்க தெரியப் போவுது. ஏஜெண்ட் பரந்தாமன் "பொணமா, பூங்காவனத்தைக் கூப்புடு"ன்னே பழகிட்டாரு. பொணமா படுத்தவங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கணும். அதையும் படம் புடிப்பாங்க. அப்புறம் பூசணிக்கா சுத்தி உடைப்பாங்க. இல்லேன்னா வேஷம் மேலயே ஒட்டிக்கும்னு பயம். அந்தச் சிரிப்பைத் திருஷ்டி ஷாட்னு சொல்லுவோம். படத்துல வராது, வெட்டிக் கடாசிடுவாங்க. முப்பது வருஷமா நான் சிரிச்சதெல்லாம் குப்பையிலதான் கெடக்கு.

எங்க வீட்டுக்காரர் நான் நடிச்ச ஒரு படமும் பார்த்ததில்ல. முதல் படத்துக்கு ஆசையா கூட்டிட்டுப் போனேன். என்னைப் பாடையில தூக்குறப்போ எழுந்து போனவரு, சைக்கிள் ஸ்டாண்டுல போய் உக்காந்துட்டாரு. "ஒரு பொண்டாட்டியை எத்தினி வாட்டி சாவக் கொடுக்கிறது? போடி"ன்னாரு. அதோட சரி. 

ஆகஸ்ட் 7, வியாழன்

வேலை இல்ல. கேஸ் சிலிண்டர் வந்துது. இவரு கண்ணு தெரியாம கொதிக்கிற குழம்பைக் கையில ஊத்திக்கிட்டாரு. ரெண்டு கண்ணுலயும் புரை. தண்ணி லாரி ஓட்டுன மனுஷன், இப்போ தட்டுல இருக்குற அப்பளத்தைத் தேடுறாரு. ஆபரேஷன் பண்ணிக்கோங்கன்னு வருஷக்கணக்கா கத்துறேன். "இனிமே இன்னாத்தைப் பார்க்கப் போறேன்"னு அதே பாட்டு. கோபம் கோபமா வந்துது. கோதண்டம்னு பேரு வெச்சவங்க பிடிவாதம்னு வெச்சிருக்கலாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாமி, நன்றி. முதல்ல அதை எழுதிக்கிறேன்.

டைரக்டர் மணிமொழி போன் பண்ணுச்சு. மாயவரத்துப் பொண்ணு, சின்ன வயசு, முதல் படம். படத்து பேரு "எடுப்பு மூணு மணிக்கு". ஒரு அம்மா செத்து ஐஸ் பெட்டியில கெடக்குறா. எடுக்குற வரைக்கும் மகன்களும் மருமகள்களும் அவளைச் சுத்தி நின்னு சண்டை போடுறாங்க. அவ்ளோதான் கதை. அந்த அம்மா நான். முதல் ஷாட்டுலயே செத்தாச்சு, கடைசி வரைக்கும் படுக்கை.

அந்தப் படத்தை ஸ்பெயின் தேசத்துல கடலோரமா நடக்குற ஒரு பெரிய விழாவுக்கு எடுத்துக்கிட்டாங்களாம். போட்டியில இருக்காம். அதுமட்டுமில்ல, நடிப்புக்குன்னு தனியா ஒரு பரிசு, அந்த நாமினேஷன்ல என் பேரு!

"செத்துக் கெடந்ததுக்கா கண்ணு?"ன்னு கேட்டேன்.

அது சிரிக்கல. "நேர்ல வந்து பேசுறேன் பூங்காம்மா"ன்னு வெச்சிடுச்சு. சந்தோஷத்துல குரல் கம்மிடுச்சு போல.

யாருக்கெல்லாம் நன்றி சொல்றது? ஐஸ் பெட்டி வாடகைக்கு விட்டாரே, அவருக்கு முதல்ல. மெஷினைப் போடாமலே ஓட்டுனாரு. கண்ணாடி மூடியில என் மூச்சு பட்டு பனி புடிக்கக் கூடாதுன்னு, தலைமாட்டுப் பக்கம் ரப்பரைக் கழட்டிக் காத்து வரவெச்சாரு. "நெஜப் பொணத்துக்குக்கூட நான் இவ்ளோ பார்த்ததில்லம்மா"ன்னாரு. மேக்கப் போட்ட தம்பிக்கு. என் பேரை எழுதுன அந்த வெள்ளைக்காரங்களுக்கு. மெஹருவுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தாச்சு. இவருகிட்ட சொன்னேன். "ம்"னாரு. அவ்ளோதான் அவரு.

ஆகஸ்ட் 13, புதன்

மணிமொழி வந்துது. பாயை விரிச்சு உக்காரவெச்சு காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில புடிச்சுக்கிட்டே ஆறவிட்டுது. இவரு கட்டில்ல சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாரு. தூங்குறாருன்னு நெனச்சோம்.

விஷயம் இதுதான். ஷூட்டிங் கடைசி நாள் அந்தப் பொண்ணு திருஷ்டி ஷாட் எடுக்க மாட்டேன்னுச்சு. பூஜை, பூசணிக்கா எதுலயும் நம்பிக்கை இல்லாத பொண்ணு. நான் விடல. "சிரிக்காம எழுந்திரிக்க மாட்டேன். பெட்டியோட தூக்கிட்டுப் போங்க"ன்னு அடம் புடிச்சேன். யூனிட்டே சிரிச்சுது. கடைசியில கடுப்போட கேமராவை ஓடவிடச் சொன்னா. நான் கண்ணைத் தொறந்து, மூக்குப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டு, நல்லா சிரிச்சேன். வீட்டுல இருக்குற மாதிரி.

அதை எடிட்டர் தம்பி பத்திரமா இருக்கட்டும்னு படத்துக்குப் பின்னாடி, இருட்டு கொஞ்சம் விட்டு, ஒட்டி வெச்சிருக்கு. விழாவுக்கு அனுப்புற அவசரத்துல வெட்ட மறந்துபோச்சு. அங்க பார்த்தவங்களுக்குப் படம் முடிஞ்சு இருட்டாயிருக்கு. அப்புறம் செத்த அம்மா கண்ணைத் தொறந்து, பஞ்சைப் பிடுங்கிச் சிரிக்கிறா. அவங்க அதுதான் முடிவுன்னு நெனச்சுட்டாங்க. அந்தச் சிரிப்பைப் பத்தி ஒரு பக்கம் புகழ்ந்து எழுதியிருக்காங்களாம். நாமினேஷனே அதுக்குத்தானாம்.

"அது என் முடிவு இல்லம்மா"ன்னுச்சு மணிமொழி. "என் படம் கழுவிவிட்ட வாசலோட முடியுது. பொணத்தை எடுத்ததுக்கப்புறம் ஈர வாசல். யாரும் இல்ல. அதுக்காகத்தான் மூணு வருஷம் அலைஞ்சேன். மாசக் கடைசி வரைக்கும் விழாவுல படத்தோட காப்பியை மாத்த விடுவாங்க. சரியானதை அனுப்பப் போறேன். நாமினேஷன் போனாலும் போவட்டும். உங்களுக்குச் சொல்லாம செய்யக் கூடாதுன்னு வந்தேன்."

"உன் படம் கண்ணு. உன் இஷ்டம்"னேன்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? சாப்டுட்டுப் போ."

சாப்பிடல. வாசல்ல செருப்பைப் போடுறப்போ கண்ணைத் துடைச்சுக்குச்சு. நல்ல பொண்ணு. தேடி வந்து சொல்லணும்னு என்ன இருக்கு? எத்தனையோ பெரிய டைரக்டருங்க என்னைப் பெட்டியில மறந்துட்டுச் சாப்பிடப் போயிருக்காங்க.

எனக்கொண்ணும் வருத்தமில்ல. சாயங்காலம் பரண்ல இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேச்சேன். ரொம்ப நாளா தேய்க்கணும்னு இருந்ததுதான். பித்தளை அண்டாவைத் தேய்க்கிறப்போ இவரு கட்டில்லேர்ந்து கேட்டாரு.

"அதுல சிரிக்கிறியா நீ?"

"ஆமா."

"மூஞ்சி நல்லா தெரியுமா?"

"பெருசா தெரியும். எதுக்கு கேக்குறீங்க?"

"சும்மா"ன்னுட்டு மறுபடியும் சுவத்துப் பக்கம் திரும்பிட்டாரு.

ஆகஸ்ட் 16, சனி

அதிசயம்! இவரு தானா மெஹரு வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு ஆட்டோவுல கண் ஆஸ்பத்திரிக்குப் போய் தேதி வாங்கிட்டு வந்திருக்காரு. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கையில குழம்பு கொட்டுனது உறைச்சிருக்கு. அப்பாடா, இத்தனை வருஷம் கத்துன என் வாய்க்குப் பலன் கெடைச்சுது. வடபழனி முருகனுக்கு ஒரு அர்ச்சனை வேண்டிக்கிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

நேத்து வலது கண்ணு முடிஞ்சுது. இன்னைக்குக் கட்டு பிரிச்சாங்க. டாக்டரம்மா "எப்படித் தெரியுது?"ன்னாங்க. இவரு சுத்தி முத்தி பார்த்துட்டு, என்னைப் பார்த்து, "உனக்கு எப்போ இவ்ளோ நரைச்சுது?"ன்னாரு. நர்சுங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கு வெக்கமா போச்சு. ஆனா அந்த டாக்டரம்மா கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டு உக்காந்திருக்காரு. சொட்டு மருந்து நேரத்துக்கு விடணும், தலைக்கு ஊத்தக் கூடாது, குனியக் கூடாது. குழந்தை மாதிரி கேட்டுக்கிறாரு. இப்படி ஒரு நல்லபுள்ளையை நான் பார்த்ததே இல்ல.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மத்தியானம் சோறு போட்டுக்கிட்டிருந்தேன். திடீர்னு கேட்டாரு.

"அந்தப் படம் இங்க எப்போ காட்டுவாங்க?"

"தெரியல. ஏன்?"

"கண்ணாடி கழட்டலாம்னா போய்ப் பார்க்கலாம்னு. பொண சீனெல்லாம் கண்ணை மூடிக்கிறேன். நீ சிரிக்கிறப்போ சொல்லு, தொறக்குறேன்."

கரண்டி கையிலேயே நின்னுபோச்சு. சிரிப்பைப் பத்திக் கேட்டவரு, மணிமொழி அதை வெட்டப் போறேன்னதை மட்டும் கேக்கலையா, கேட்டும் கேக்காத மாதிரி இருக்காரா, தெரியல. நானும் சொல்லல. "இன்னொரு கரண்டி சாம்பார்?"னு கேட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு வேலையும் ஓடல. வெயில்தான் காரணம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வெயில் இல்ல. பொய் எதுக்கு, அதுவும் டைரியில.

எனக்கு அந்தச் சிரிப்பு வேணும். உசுரோட என் மூஞ்சி தெரியுற ஒரே ஷாட் அது. அவரு பார்க்கணும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேத்து பிள்ளையார் சதுர்த்தி. மிச்சமிருந்த கொழுக்கட்டையை டப்பாவுல போட்டுக்கிட்டு சாலிகிராமத்துக்குப் போனேன். எடிட்டிங் ரூம் மாடியில. உள்ள ஏசி எலும்புவரைக்கும் குத்துது. அந்த ஐஸ் பெட்டியே தேவலாம்.

மணிமொழி கொழுக்கட்டையை எடுத்துக்கிட்டு, "முதல்ல படம் பாருங்கம்மா. நீங்களே இன்னும் பார்க்கலையே"ன்னுச்சு. பார்த்தேன். என்னையே ஒரு படம் பூரா பார்த்தேன். பெரிய மகன் நிலத்தைப் பத்தி பேசுறான், சின்னவன் அம்மாவுக்கு யார் அதிகம் செஞ்சதுன்னு பேசுறான், மருமக கம்மலைக் கழட்டணும்ங்கிறா. அம்மா இப்படிச் சொன்னா, அம்மா அப்படி ஆசைப்பட்டான்னு ஆளாளுக்குப் பேசுறாங்க. கடைசியில வாசலைக் கழுவிவிடுறாங்க. ஈரம் காயுது. முடியுது.

நல்லாத்தான் இருக்கு. அதையும் சொன்னேன். "உன் முடிவு நல்லாருக்கு கண்ணு. குறை சொல்ல வரல."

"அப்புறம் எதுக்குமா வந்தீங்க?"

சினிமாவுல இத்தனை வருஷத்துல எதையும் நானா கேட்டதில்ல. டீ வேணும்னுகூட கேட்டதில்ல. கொடுத்தா குடிப்பேன். இன்னைக்குக் கேட்டேன்.

"அந்தச் சிரிப்பை எடுக்காத. எங்க வீட்டுக்காரரு நான் நடிச்சதைப் பார்த்ததே இல்ல. செத்த மாதிரி பார்க்க முடியாது அவரால. இப்போ அதுக்காகவே கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டிருக்காரு. நாமினேஷன் எல்லாம் எனக்கு வேணாம், அது போவட்டும். அவரு பார்க்குறப்போ அந்தச் சிரிப்பு இருக்கணும். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்குறேன்."

சொல்லி முடிச்சதும் அழுதுட்டேன். எடிட்டர் தம்பி எழுந்து வெளிய போயிடுச்சு. மணிமொழி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுச்சு.

"உங்களுக்கு அது வேணும்னா தனியா கொடுத்துடுறேன்மா. போன்ல போட்டு அவருக்குக் காட்டுங்க."

"போன்ல காட்டுறதா? நான் நடிச்ச படத்துல பார்க்கணும் கண்ணு."

"பார்க்கறேன்மா"ன்னுச்சு.

வீட்டுக்கு வந்தா இவரு "எங்க போன?"ங்கிறாரு. கோயிலுக்குன்னேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாசக் கடைசி. போன் வரல.

செப்டம்பர் 3, புதன்

ஒரு சினிமாவுல பொணம். சுடுகாட்டு சீன், ஈ மொய்க்குது. சிரிக்கச் சொன்னாங்க. சிரிப்பு வரல. மூணு தடவை எடுத்தாங்க. 

செப்டம்பர் 6, சனி

முருகா! முருகா! 

மணிமொழி போன் பண்ணுச்சு. சிரிப்பு இருக்கு. காப்பியை மாத்தல.

ஆனா சும்மா விடல அந்தப் பொண்ணு. விழாக்காரங்களுக்கு உண்மையை அப்படியே எழுதிப் போட்டிருக்கா. அது நான் வெச்ச முடிவு இல்ல, எங்க ஊர்ல பொணமா நடிச்சவங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்ன இப்படிச் சிரிப்பாங்க, அது தவறிப்போய் உங்ககிட்ட வந்துடுச்சு, இது தெரிஞ்சும் நாமினேஷன் கொடுக்குறதுன்னா கொடுங்க, இல்லேன்னா எடுத்துக்கோங்கன்னு. அவங்க பதில் போட்டாங்களாம். எதையும் மாத்த வேணாமாம்.

"நீ ஏன் கண்ணு மனசு மாறுன? எனக்காகவா?"ன்னேன்.

"உங்களுக்காக மட்டும்னா மாத்தியிருக்க மாட்டேன்மா. நீங்க போனதும் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் அம்மாவுக்காகப் பேசுறாங்க. நானும் அவளைப் பேசவிடல. படம் பூரா ஒரே ஒரு விஷயத்தை அவளா செஞ்சிருக்கா. அதை நான் சொல்லிக்கொடுக்கல. நீங்க அடம் புடிச்சீங்க."

எனக்கு இதெல்லாம் பாதிதான் புரிஞ்சுது. அடம் புடிச்சது நல்லதுங்கிற வரைக்கும் புரிஞ்சுது. அவ மூணு வருஷம் அலைஞ்ச முடிவை விட்டுக் கொடுத்திருக்கா. பெத்த புள்ளகூட இவ்ளோ செய்யுமான்னு தெரியல. எங்களுக்குப் புள்ள இல்ல, அதனால ஒப்பிட்டுப் பார்க்க வழியில்ல.

செப்டம்பர் 10, புதன்

இவருக்கு இடது கண்ணும் ஆச்சு. சைக்கிள் எடுக்கவான்னு கேக்குறாரு. உதை விழும்னேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில பால் பாக்கெட்டோட படியேறுறேன், போன். ஸ்பெயின்லேர்ந்து வீடியோல மணிமொழி. பட்டுப்புடவை, தலையில பூ. அங்க இன்னும் ராத்திரி, பின்னாடி விளக்கு வெளிச்சத்துல கடல்.

பெரிய பரிசு வேற ஏதோ ஒரு நாட்டுப் படத்துக்குப் போயிடுச்சாம். நடிகை பரிசும் எனக்கில்ல, ஒரு போலந்து அம்மாவுக்காம். எங்க பொண்ணு மூஞ்சி வாடல. நடுவருங்க தனியா ஒரு சிறப்புப் பாராட்டுன்னு கொடுத்திருக்காங்களாம், அதை ஒரு மரச் சட்டத்துல போட்டுக் காட்டுச்சு. அதுல என் பேரு. இங்கிலீஷ்ல. கீழ அந்த ஊரு பாஷையில ஏதோ எழுதியிருக்கு. மேடையில வாங்குறப்போ கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சாம்.

"அந்தப் போலந்து அம்மா நல்லா நடிச்சிருந்துச்சா?"ன்னு கேட்டேன்.

"ரொம்ப நல்லாம்மா."

"அப்போ சரி. வாங்கட்டும்."

உண்மையாவே சரின்னுதான் தோணுச்சு. எனக்குப் பேரு போட்டதே போதும். பாஸ்போர்ட் இல்லாதவ பேரு ஸ்பெயின் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு. பரந்தாமன் போன் பண்ணி "இனிமே உன்னைக் கூப்புடுறதுக்கு யோசிக்கணும் போல"ன்னு கிண்டல் பண்ணாரு. அடுத்த வாரம் வியாழக்கிழமை பொணம் இருக்கு, மறக்காதன்னும் சொன்னாரு.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்னைக்கு வடபழனியில ஒரு சின்ன பிரிவியூ தியேட்டர்ல யூனிட்டுக்கும் வீட்டு ஆளுங்களுக்கும் படம் போட்டாங்க. ஐஸ் பெட்டிக்காரரு சம்சாரத்தோட வந்திருந்தாரு. மெஹரு அத்தர் பூசிக்கிட்டு வந்தா. இவரு விடியறதுக்குள்ள எழுந்து ஷேவ் பண்ணிக்கிட்டு, வெள்ளைச் சட்டையைத் தானே தேய்ச்சுப் போட்டுக்கிட்டாரு. நான் கேட்டதுக்கு, "பெரிய மனுஷங்க வருவாங்க இல்ல"ன்னாரு.

லைட்டை அணைச்சாங்க. முதல் ஷாட்டே நான்தான், பெட்டியில. இவரு கண்ணை மூடிக்குவாருன்னு திரும்பிப் பார்த்தேன். மூடல. என் வலது கையை எடுத்து அவரு மடியில வெச்சு, மணிக்கட்டைப் புடிச்சாரு. நாடி பார்க்குற இடத்துல. புதுக் கண்ணு, இருட்டுல தடுமாறுது போலன்னு விட்டுட்டேன்.

படம் ஓடுது. மகனுங்க கத்துறாங்க, மருமக கம்மலைக் கழட்டுறா, பாடை கட்டுறாங்க. இவரு கண்ணு இமைக்கல. திரையில என் மேல வாய்க்கரிசி போடுறப்போ பிடி இன்னும் இறுகுச்சு. என்னைத் தூக்குனாங்க. அன்னைக்கு எழுந்து போன இடம் அது. எழுந்து போகல. வலிக்குது விடுங்கன்னு காதுல சொன்னேன். கேக்கல அவருக்கு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மனுஷன் திரையில செத்தவளையும் பார்க்குறாரு, பக்கத்துல நாடி ஓடுதான்னும் பார்த்துக்கிட்டே இருக்காரு. அதுக்கப்புறம் கையை நான் அசைக்கல.

வாசலைக் கழுவுனாங்க. இருட்டாச்சு. 

"இப்போ"ன்னேன்.

கண்ணைத் தொறந்தேன் நான், அங்க. பஞ்சைப் பிடுங்கிப் போட்டுட்டுச் சிரிச்சேன். கூட்டம் மொத்தமும் ஓன்னு கத்துச்சு, மெஹரு விசிலே அடிச்சா. இவரு கையை விட்டாரு. விட்டுட்டு ரெண்டு கையாலயும் தட்டுனாரு. எல்லாரும் நிறுத்துனதுக்கப்புறமும் தட்டிக்கிட்டே இருந்தாரு.

வீட்டுக்கு வந்து சோறு வடிச்சேன். இவரு தூங்குறாரு, மெய்யாலுமே தூங்குறாரு. நான் எழுதிக்கிட்டிருக்கேன். எழுதுற கையில மணிக்கட்டைச் சுத்தி நாலு விரல் தடம், செவப்பா, இன்னும் அழியல.